இருக்கையை முதலில் இறக்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. சிறுமியாக இருந்தபோது குரங்குப் பெடல் அடித்துப் பழகி, கல்லூரி முடியும்வரை சைக்கிளில்தான் போய்வந்தேன். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடவில்லை. அலுவலகம் வீட்டிலிருந்து ஐந்தரை கிலோமீட்டர்தான் என்பதால் மறுபடியும் ஒரு சைக்கிள் வாங்க நினைக்கிறேன். கடையில் தடித்த டயரும் 21 கியரும் உள்ள மலைப்பாதை சைக்கிளைக் காட்டுகிறார்கள். மகனும் அதையே வாங்கச் சொல்கிறான். நகரச் சாலைக்கு அது பொருந்துமா? என்னுடன் வசிக்கும் அக்காவுக்கு 51 வயது. சின்ன வயதில் ஒரு சரிவில் விழுந்தவர், அதன்பிறகு சைக்கிளில் ஏறியதே இல்லை. என்னோடு வர ஆசைப்படுகிறார். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது என்கிறார். அவருக்குத் தைரியம் வர நான் என்ன சொல்ல வேண்டும்? இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டு சைக்கிளாகவே வாங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அக்காவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் சொல்ல வேண்டாம். பெரியவர்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட இத்தனை ஆண்டுகளில், "பயப்படாதீர்கள்" என்ற சொல்லைக் கேட்டுப் பயம் தெளிந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இருக்கையை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டதும் முகம் தெளிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கால் தரையில் எட்டாதபோதும், பிரேக்கை அழுத்தினால் வண்டி என்ன செய்யும் என்று கைக்குத் தெரியாதபோதும் உடம்பு நடுங்குவது இயல்பு. அந்த நடுக்கத்துக்குப் பேச்சில் மருந்து தேடுவது வீண் வேலை. ஆகவே எந்தச் சைக்கிள் வாங்குவது என்ற உங்கள் முதல் கேள்வியும், அக்காவைப் பற்றிய இரண்டாவது கேள்வியும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன.

கடையில் காட்டிய வண்டியை எடுத்துக்கொள்வோம். மலைப்பாதை டயரில் கட்டை கட்டையாகப் புடைத்திருக்கும் ரப்பர், மண்ணையும் சரளையையும் கவ்வுவதற்காக அமைந்தது. தார்ச் சாலையில் அந்தப் புடைப்புகள் ஒவ்வொன்றும் நசுங்கி நிமிர்வதற்கு உங்கள் கால் கொடுக்கும் உழைப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது. அத்தகைய வண்டியிலிருந்து எழும் 'உர்ர்' என்ற ஓசை, வீணாகும் அந்த உழைப்பின் ஓசைதான். முன்பக்கம் இருக்கும் ஷாக் அப்சார்பர் விலை குறைந்த வண்டிகளில் எடையைக் கூட்டுமே தவிரப் பெரிதாக வேறொன்றும் செய்வதில்லை. நகரத்தின் மேடு பள்ளங்களுக்கு, சற்று அகலமான டயரில் அளவாகக் காற்றடித்திருந்தாலே கைக்குப் போதிய பாதுகாப்பு கிடைத்துவிடும். 21 கியர் என்பது முன்னே மூன்று பல்சக்கரம், பின்னே ஏழு பல்சக்கரம் என்பதைப் பெருக்கிச் சொல்லும் எண். அந்த 21-இல் பல சேர்க்கைகள் ஏறத்தாழ ஒரே அளவாகத்தான் இருக்கும். பெரிய ஏற்றங்கள் இல்லாத வழியென்றால் முன்னே ஒன்று, பின்னே ஏழோ எட்டோ தாராளமாகப் போதும். செயின் கழன்று கையில் கரி ஏறுவதும் குறையும். மகனுக்குச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடிய நகரச் சைக்கிள் அல்லது ஹைபிரிட் வகை. டயர் வழவழப்பாக, 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தால் 40-622 என்பதைப்போல் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும்: முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் அமரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்ற வரம்பும் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். ஹேண்டில்பார் இருக்கைக்குச் சமமான உயரத்திலோ சற்று மேலேயோ இருந்தால், கழுத்தை வளைக்காமல் சாலையைப் பார்க்க முடியும். பதற்றம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு ஆகியவற்றைத் தனியாகச் சேர்க்கும் அலங்காரங்களாக எண்ணாதீர்கள். அலுவலகம் போகும் வண்டிக்கு அவை உறுப்புகள்.

சட்டத்தின் குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கும் வண்டியைக் கேளுங்கள். இதைப் 'பெண்கள் சைக்கிள்' என்று பிரித்து வைப்பது எனக்கு எப்போதுமே வேடிக்கையாகத்தான் இருக்கும். கேரியரில் பையைக் கட்டிவிட்டுக் காலைத் தூக்கிச் சுழற்றி ஏற முயன்று, பையை உதைத்து, வண்டியோடு சாய்ந்த ஆண்கள் பலரை எனக்குத் தெரியும். தாழ்ந்த கம்பி உள்ள வண்டியில் எந்தக் கணமும் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி நின்றுவிடலாம். அக்காவுக்கு அந்த ஒரு வசதி ஆயிரம் ஆறுதல் சொற்களுக்குச் சமம்.

இருக்கையின் உயரத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்து, பெடலை அதன் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிமிர்ந்தால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள் என்பதால் முழங்காலில் சிறு மடிப்பு தானாக வந்துவிடும். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். உங்களைப்போல் ஓட்டிப் பழகியவருக்கு இந்த உயரம். அக்காவுக்குத் தொடக்கத்தில் இந்தக் கணக்கே கிடையாது: அமர்ந்த நிலையில் இரண்டு உள்ளங்கால்களும் முழுமையாகத் தரையில் படும்வரை இறக்கிவிடுங்கள். மிதிப்பது சற்றுச் சிரமமாக இருக்கும், இருக்கட்டும்.

கடையிலிருந்து எடுக்கும் முன் கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் படி ஏற்றித்தான் வண்டியை வைக்க வேண்டும் என்றால், கடையிலேயே ஒருமுறை தூக்கியும் பாருங்கள். மின்சார உதவி உள்ள சைக்கிளை நான் மறுக்கமாட்டேன். வழியில் ஏற்றம் இருந்தாலோ முழங்கால் தேய்மானம் இருந்தாலோ அது நல்ல துணை. ஆனால் பெரும்பாலும் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ளது என்பதால், புதிதாகப் பழகுகிறவர் கையில் அதை முதல் வண்டியாகக் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம்.

இனி அக்கா. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைச் சற்றுத் திருப்பினால்தான் அது நிமிரும். விரைவாகப் போகும்போது இதற்கு மயிரிழை அளவு திருப்பினாலே போதும். நடை வேகத்தில் பெரிதாகத் திருப்ப வேண்டும். பயந்தவர் மெதுவாகப் போவார், ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார். மெதுவாகப் போவதால் வண்டி ஆடும், இறுக்கிப் பிடிப்பதால் அதைத் திருப்பி நிமிர்த்த முடியாது, ஆட்டத்தைக் கண்டு பயம் இன்னும் கூடும். விழுந்தவர்கள் எல்லாம் தங்களுக்குச் சமநிலை வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தரையில் நேராக நடக்கத் தெரிந்தவருக்குச் சமநிலை உண்டு. பெடலையும் ஹேண்டிலையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் கையாளச் சொன்னதுதான் தவறு.

அதனால் பெடலைக் கழற்றிவிடுங்கள். 1817-ஆம் ஆண்டில் கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மானியர் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. அமர்ந்தபடி இரு கால்களாலும் தரையை உந்தித்தான் போனார். அக்காவும் அப்படியே தொடங்கட்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, ஆகவே அதைக் கழற்றக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இதை அறியாமல் முக்கி முக்கி இறுக்கிவிட்டு என்னிடம் வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் அனேகம். பிறகு, வண்டிகள் வராத, தரை சமமான திடலில், நடப்பதைப்போல் ஒவ்வொரு காலாக உந்தி, பின் இரு கால்களாலும் சேர்த்து உந்தி, பாதங்களைத் தூக்கி இரண்டு நொடி, மூன்று நொடி மிதந்து போகப் பழகட்டும். ஐந்தாறு நொடி மிதக்க முடிந்த பிறகு பெடலை மாட்டினால் போதும்.

அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதி ஃபிரான்சிஸ் வில்லார்ட் தம்முடைய 53-ஆவது வயதில் சைக்கிள் பழகினார். நாளுக்குச் சராசரியாகக் கால் மணி நேரம் என்று சுமார் மூன்று மாதம் பழகியதாகவும், முதலில் மிதிக்கவும், அடுத்துத் திரும்பவும், பின்பு இறங்கவும், கடைசியாக ஏறவும் கற்றதாகவும் அவரே எழுதியிருக்கிறார். கால் மணி நேரம் என்ற அளவை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். களைத்த பிறகு கற்பது எதுவும் நிற்பதில்லை. வரிசையில்தான் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் என்றால் நிறுத்துவதையும் இறங்குவதையும் முதல் பாடமாக வைப்பேன். சரிவில் விழுந்த உங்கள் அக்காவின் உடம்பில் இருக்கும் நினைவு, ஓடும் வண்டியை நிறுத்த முடியவில்லை என்பதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், முதலில் வண்டியின் பக்கத்தில் நடந்தபடியே ஒவ்வொரு பிரேக்காக அழுத்திக் காட்டுங்கள். பின் பிரேக்கை அழுத்தினால் பின்சக்கரம் இழுபடும். முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நின்று பின்பக்கம் தூக்கப் பார்க்கும். இதைக் கண்டதும், "முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன்" என்பார்கள். ஆனால் நிறுத்தும்போது உடம்பின் பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. குட்டிக்கரணம் போடவைப்பது கையை மடக்கி உடம்பை முன்னே விட்டுவிட்டுச் சட்டென்று அழுத்துவதுதான். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் சிறிது சிறிதாக அழுத்தி, அதே கணத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கைகளால் ஹேண்டிலை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தரையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, முன்சக்கரம் அதன் நேராக நிற்க வேண்டும் என்று விளையாட்டாக வையுங்கள். முதலில் நடை வேகம், பிறகு கொஞ்சம் கூடுதல். பத்துக்கு எட்டு முறை பாட்டிலுக்கு நேராக நிறுத்துகிறவரின் தோள்கள் காதுக்கருகிலிருந்து கீழே இறங்கியிருக்கும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

என்னிடம் ஒருவர் பயின்றார். அக்காவின் வயதுதான் இருக்கும். முன்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார், விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்திருப்பார். "நிமிர்ந்து பாருங்கள்" என்று நான் சொல்லச் சொல்லக் குனிந்துகொண்டே போனார். ஒரு நாள், திடலைச் சுற்றி நின்ற விளக்குக் கம்பங்களைக் காட்டி, ஒவ்வொரு கம்பத்தைக் கடக்கும்போதும் ஒருமுறை பெல் அடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பெல்லைத் தட்டக் கட்டைவிரல் அசைய வேண்டும். கட்டைவிரல் அசைந்தால் பிடி தளர வேண்டும். அடுத்த கம்பம் எங்கே என்று தெரிய நிமிர்ந்து பார்க்க வேண்டும். நான்காவது சுற்றில் வண்டி நேர்கோட்டில் போயிற்று. பார்வை போகும் இடத்துக்கே சைக்கிள் போகும் என்பதால், பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போகிறவர் பள்ளத்தில்தான் இறங்குவார்.

ஹாரனுக்கு வருகிறேன். பின்னாலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாததால்தான் அந்தச் சத்தம் நெஞ்சை அடைக்கிறது. ஹேண்டிலில் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்துங்கள். பல காலம் கண்ணாடி வைத்த சைக்கிளைப் பார்த்துச் சிரித்தவன் நான்; பதற்றத்தோடு பழகுகிறவர்களிடம் அது செய்த வேலையைக் கண்டபின் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். கண்ணாடி மட்டும் போதாது. நேர்கோட்டை விடாமல் தோளுக்கு மேலாக ஒரு நொடி திரும்பிப் பார்க்கவும் பழக வேண்டும். திடலில் நீங்கள் பின்னால் வந்து விரல்களை உயர்த்த, எத்தனை என்று அவர் திரும்பிப் பார்த்துச் சொல்லட்டும். அது கைகூடியதும், அவர் அறிந்தே, பின்னாலிருந்து முதலில் பெல்லையும் பின்பு ஏதேனும் ஒரு ஹாரனையும் ஒலித்துப் பழக்குங்கள். சத்தம் கேட்டால் செய்ய வேண்டியது நேராகப் போய்க்கொண்டிருப்பது மட்டுமே. வெருண்டு ஒதுங்குவதுதான் ஆபத்து.

சாலைக்கு எப்போது அழைத்துப் போகலாம் என்பதில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. திடலில் அழகாக ஓட்டிய ஒருவரை, அவர் தயங்கியும் கேளாமல், நான்காவது வாரமே பெரிய சாலைக்கு அழைத்துப் போனேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பேருந்து கடந்தது. அவர் விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை. இறங்கினார், வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார். ஓராண்டுக் காலம் அதைத் தொடவில்லை. வேகத்தை நான் தீர்மானித்தது என் பிழை. அன்றிலிருந்து, அடுத்த படி எப்போது என்பதைப் பழகுகிறவரே சொல்லும்வரை காத்திருக்கிறேன். நீங்களும் காத்திருங்கள், எவ்வளவு மாதமானாலும்.

வழியைப் பொறுத்தவரை, கார் ஓட்டுகிறவரின் வரைபடத்தை மறந்துவிடுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற சாவகாசமான வேகத்தில் ஐந்தரை கிலோமீட்டருக்கு 22 நிமிடம். சிக்னல்களைச் சேர்த்து அரை மணி என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் கூடுவது நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடத்தைக் கொடுத்து, பெரிய சாலைக்கு இணையாகப் போகும் குடியிருப்புத் தெருக்களை வாங்கிக்கொள்வது எனக்குத் தெரிந்தவரை மிக மலிவான வியாபாரம். விடுமுறை நாள் விடியற்காலையில் ஒருமுறை வழியை ஓட்டிப் பாருங்கள். சிக்கலான சந்திப்பு ஒன்றோ இரண்டோ இருந்தால், இறங்கி நடப்பவரோடு நடப்பவராக வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளாக ஓட்டும் நானும் இரண்டு இடங்களில் அப்படித்தான் கடக்கிறேன்.

சாலையின் விளிம்பை ஒட்டியே போவது பாதுகாப்பு என்று தோன்றும். அங்கேதான் மணலும் கண்ணாடித் துண்டுகளும் சாக்கடை மூடிகளும் இருக்கின்றன. ஒதுங்குவதற்கு இடமும் இருக்காது. விளிம்பிலிருந்து சற்று விலகி, நேர்கோட்டில் போங்கள். நிறுத்திய கார்களைக் கடக்கும்போது ஒரு மீட்டர் தள்ளிப் போங்கள், ஏனெனில் கதவு எந்த நேரமும் திறக்கும். 15 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் நகர்கிறீர்கள், கதவைக் கண்டு விரல் பிரேக்கை அழுத்தும் முன்பே அதை அடைந்துவிடுவீர்கள். எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகச் சொல்வது இது: சந்திப்பில் நிற்கும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒருபோதும் நுழையாதீர்கள். லாரி அந்தப் பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல், வளைவை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். ஓட்டுநரின் கண்ணாடியிலும் நீங்கள் தெரியமாட்டீர்கள். பின்னாலேயே நில்லுங்கள்.

இருவரும் சேர்ந்து போகும்போது அக்கா முன்னே, நீங்கள் ஒரு சைக்கிள் நீளம் பின்னே, போக்குவரத்து இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வாருங்கள். பின்னே வரும் வண்டிகள் முதலில் உங்களைத்தான் பார்த்து விலகும். வேகத்தையும் அக்காவே தீர்மானிப்பார். போகும்போது பாடம் எடுக்காதீர்கள். "நிற்கலாம்", "வண்டி வருகிறது", "போகலாம்" என்ற மூன்று சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும், நான்காவது சொல் குழப்பும். மழை நாளில் சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும் என்பதால், தொடக்க மாதங்களில் மழையென்றால் வேண்டாம்.

வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். பஞ்சர் இல்லாத டியூபிலும் காற்று மெல்ல இறங்கும். பிரேக் கட்டையில் உள்ள பள்ளக்கோடுகள் தேய்ந்து மறைந்தால் மாற்றிவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் விட்டபின் துணியால் துடைக்க மறக்காதீர்கள், மிஞ்சிய எண்ணெய் புழுதியைத்தான் சேர்க்கும். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே அமர வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக, இரண்டு சைக்கிள் வாங்குவது பற்றி. இப்போது ஒன்று போதும். புதிய வண்டி தனக்கென்று வீட்டில் வந்து நின்றாலே அது அக்காவுக்கு ஒரு கட்டாயமாகிவிடும். ஒரே உயரம் என்கிறீர்கள். இருக்கையைக் கையாலேயே தளர்த்தி இறுக்கும் நெம்பு உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கி, இருக்கைக் குழாயில் இரண்டு நிற டேப் ஒட்டுங்கள். மேலே ஏற்றுவதற்குக் குழாயிலேயே ஒரு எல்லைக் கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியக் கூடாது. ஒரு டேப் உங்கள் உயரத்துக்கு, மற்றது இரண்டு பாதமும் தரையில் ஊன்றும் அக்காவின் உயரத்துக்கு. சில வாரங்கள் கழித்து, மிதிக்கும்போது முழங்கால் இடிக்கிறது, கொஞ்சம் ஏற்றிக் கொடு என்று அவராகவே கேட்பார். ஒரு சென்டிமீட்டர் ஏற்றுங்கள், டேப்பையும் நகர்த்தி ஒட்டுங்கள். அவருடைய டேப் உங்கள் டேப்புக்குப் பக்கத்தில் வந்துசேரும்போது, இரண்டாவது சைக்கிளுக்குக் கடைக்குப் போகலாம். அதைத் தேர்ந்தெடுப்பது அவராக இருக்கட்டும்.